பழைய துணி என்றொரு ஃபோல்டர்

அண்ணி கல்யாணமாகி வந்தபோது அவளோடு ஒரு மடிக்கணினியும் வந்தது. வெள்ளி நிறம், சாப்பாட்டுத் தட்டு கனம்கூட இருக்காது. அதுவரை எங்கள் வீட்டில் இருந்தது அண்ணனின் கறுப்புப் பெட்டி ஒன்றுதான். அவன் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். அவனுடையது விண்டோஸ், அண்ணியுடையது மேக். முதல் வாரமே தெரிந்துவிட்டது, இரண்டுக்கும் பேச்சு வேறு என்று.

அண்ணன் "ரீசைக்கிள் பின்" என்பான், அண்ணி "ட்ராஷ்" என்பாள். அவனுக்கு "ஷார்ட்கட்", அவளுக்கு "ஏலியஸ்". அவன் எதற்கெடுத்தாலும் "கன்ட்ரோலை அமுக்கு" என்பான், அவள் "கமாண்டை அமுக்குங்க" என்பாள்.

"ஒருத்தர் கன்ட்ரோல், ஒருத்தர் கமாண்ட். நடுவுல நான் எதை அமுக்கறது, குக்கர் மூடியையா?" என்று அம்மா கேட்டாள்.

ஒரு நாள் அண்ணன் அந்த மேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன மெஷின் இது? விண்டோவ மூடிட்டேன், புரோகிராம் இன்னும் ஓடிட்டே இருக்கு" என்று சிரித்தான்.

"உங்க வீட்டுல ஜன்னல மூடினா ஆளு காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. எங்க வீட்டுல ஜன்னல மூடினாலும் உள்ள ஆளு இருப்போம்" என்றாள் அண்ணி. அம்மா சிரித்த சிரிப்பில் அண்ணன் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான்.

அண்ணியின் வேலை படிப்பது. கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்வாள். ஒரு சங்கம் அவளுக்குப் புத்தகங்களை அனுப்பும். படுக்கையறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, துணி அலமாரியின் கதவுகளை அகலத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கும் சட்டைகளுக்கும் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படிப்பாள். துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். அவள் குரல் அப்படியொரு குரல். அதட்டாது, கெஞ்சாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதுபோல இருக்கும்.

எனக்குப் பேச்சே வராது. வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அண்ணன் எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்பார்கள். அண்ணி மட்டும் கேட்கவே இல்லை. வந்த புதிதில் ஒரு நாள் இயர்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டு, "நான் தப்பாப் படிக்கற இடத்துல கையைத் தட்டியிருப்பேன். ஸ்கிரீன்ல அந்த இடம் முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். அந்த முள்ளையும், அதுக்கு முன்னாடி நான் உளறினதையும் வெட்டி எடுத்துடு. நான் தடுமாறினதே யாருக்கும் தெரியக் கூடாது, சரியா?" என்றாள்.

கேட்டேன். பக்கத்துக்குப் பக்கம் முள். இவ்வளவு அழகாகப் படிக்கிறவளும் தடுமாறுவாள், தட்டுவாள், மறுபடி ஆரம்பிப்பாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என் வகுப்பில் யாரும் அதைச் சொன்னதில்லை.

அப்படி எனக்கு ஒரு வேலை கிடைத்தது. வெட்டுகிற வேலையோடு பாடமும் காதில் ஏறியது. அண்ணி பதிவு செய்ததைப் பென் டிரைவில் தருவாள். எனக்குப் பழகியது கறுப்புப் பெட்டி என்பதால் அதில் போட்டு வெட்டுவேன். வெட்டி முடித்ததை மறுபடி பென் டிரைவில் கொண்டுவந்து, அண்ணியின் மேக்கில் 'சமூகவியல்' என்ற ஃபோல்டரில் சேர்ப்பேன். அண்ணனின் பெட்டியில் எதுவும் தங்காது. அவன் அதில் புதிது புதிதாக எதையாவது ஏற்றிச் சோதிப்பான், அடிக்கடி அடியோடு அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவான். அவனுக்கு அது குளியல் மாதிரி.

இதில் எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. முதல் நாள் பென் டிரைவைப் பிடுங்கப் போனபோது அண்ணி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அப்படியே பிடுங்காதடி! அதோட படத்தை இழுத்துட்டுப் போய் ட்ராஷ்ல போட்டுட்டு அப்புறம் எடு."

ட்ராஷ் என்றால் குப்பைத் தொட்டி. கறுப்புப் பெட்டியில் ஒன்றைத் தொட்டியில் போட்டால் அது அழிவதற்குத்தான் போகும். இங்கே நல்ல பாடத்தைக் குப்பையில் போடச் சொல்கிறாள். பென் டிரைவ் போனால் அதிலிருந்து வந்த பாடமும் கூடப் போய்விடாதா? திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அண்ணன் சிரிப்பான். அதனால் நானே ஒரு வழி செய்தேன். வெட்டிய பாடத்தை 'சமூகவியல்' ஃபோல்டரில் சேர்த்த கையோடு, படங்கள் வைக்கிற இடத்துக்குள் இன்னொரு ஃபோல்டர் திறந்து அங்கேயும் ஒரு காப்பி போட்டேன். என்ன பெயர் வைப்பது? பாடத்தின் பெயரை வைத்தால் மெஷின் மோப்பம் பிடித்துவிடும். எதிரே அலமாரி திறந்து கிடந்தது. 'பழைய துணி' என்று வைத்தேன். அதற்குப் பிறகுதான், கண்ணை இறுக மூடிக்கொண்டு, பென் டிரைவை இழுத்துக் குப்பையில் போட்டேன். பாடம் பத்திரமாகவே இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தேன்.

நாளாக நாளாக மேக்கில் இடமில்லை என்று செய்தி வர ஆரம்பித்தது. வெட்டி முடித்த பாடங்களின் மூலப் பதிவுகளை அண்ணி அவ்வப்போது அழித்துவந்தும் இடம் போதவில்லை.

"பாத்தியா, உங்க வீட்டு மெஷின் என்னத்தைத் தின்னுதுன்னே தெரியல" என்று அண்ணன் அண்ணியைச் சீண்டினான்.

"எங்க வீட்டுல எப்பவும் நல்லா சாப்பிடுவோம்" என்றாள் அண்ணி. நான் அடுப்பைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

பிறகு அண்ணியின் குரல் கரகரக்கத் தொடங்கியது. சளி என்று நினைத்தோம். குரல்நாணில் ஒரு சின்னக் கட்டி, ஆபத்தானது இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எடுத்த பிறகு குரல் வரும், இதே குரல் வருமா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அழவில்லை. டாக்டரிடம் தேதியைத் தள்ளிக் கேட்டு வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக, வெந்நீர் குடித்துக் குடித்து, அந்தச் சமூகவியல் புத்தகத்தைப் படித்து முடித்தாள். "இந்த ஒரு புத்தகத்துலயாவது என் குரல் முழுசா இருக்கட்டும்" என்றாள். கடைசிப் பாடத்தைப் படித்த அன்றைக்கு அண்ணனின் பெட்டி குளித்துக்கொண்டிருந்தது. அதனால் அந்தப் பாடத்தை மேக்கிலேயே அவளே வெட்டி வைத்தாள். எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டுவிட்டு, "மூணு பாடத்துல ஃபேன் சத்தம் கேக்குதுடி. அதை மட்டும் எடுத்து வை. நான் வந்ததும் சங்கத்துக்கு அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கழுத்தில் கயிறு கட்டிய ஒரு குட்டி வெள்ளைப் பலகையும் பேனாவும் தொங்கின. டாக்டர் சொல்கிறவரை பேசக் கூடாது. கிசுகிசுக்கக்கூடக் கூடாது, இருமலைக்கூட அடக்கவேண்டும்.

"வீட்டுல இப்ப ரெண்டு ஊமைக்கோட்டான். பேச நான் ஒருத்தன்தான் மிச்சம்" என்றான் அண்ணன்.

"நீ பேசறதே மூணு பேருக்குக் காணும்" என்றாள் அம்மா.

அடுத்த நாள் மத்தியானம், ஃபேன் சத்தம் எடுத்த மூன்று பாடங்களையும் கறுப்புப் பெட்டியில் 'சமூகவியல்' என்ற அதே பெயரில் ஒரு ஃபோல்டருக்குள் வைத்து, பென் டிரைவில் போட்டு எடுத்துவந்தேன். அண்ணி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீ படு. இதைக்கூட நான் செய்ய மாட்டேனா?" என்று அண்ணன் பென் டிரைவை என் கையிலிருந்து வாங்கினான். பாவம், அவளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்தான். ஃபோல்டரை அப்படியே இழுத்து மேக்கில் போட்டான். இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, ரீப்ளேஸ் செய்யவா என்று திரையில் கேள்வி வந்தது.

"செய்யேன்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினான்.

அவனுடைய பெட்டியில் ஒரே பெயருள்ள இரண்டு ஃபோல்டர்கள் சேர்ந்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்த மூன்று பாடங்கள் மட்டும் மாறும், மற்றவை இருந்த இடத்தில் இருக்கும். தினமும் பத்துப் பேருக்கு அவன் அதைத்தான் செய்து கொடுக்கிறான். மேக்கில் அப்படியில்லை. பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் புது வீட்டை வைத்துவிடும். ஃபோல்டரைத் திறந்தபோது உள்ளே மூன்றே மூன்று பாடங்கள் இருந்தன.

அண்ணன் ட்ராஷைத் திறந்து பார்த்தான். அங்கேயும் இல்லை. எதை எதையோ அழுத்தினான். முகம் வெளுத்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் பேக்கப் எடுங்க, பேக்கப் எடுங்கன்னு சொல்லுவியேடா" என்றாள் அம்மா. குரலில் கேலி இல்லை.

அண்ணி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் நெஞ்சு விரிந்து வாய் திறந்ததைப் பார்த்தேன். ஓடிப்போய் இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தினேன்.

"கத்தாதீங்க அண்ணி, கத்தாதீங்க. பழைய துணி. பழைய துணியில இருக்கு."

"எதுக்குடி இப்ப துணி?" என்று அண்ணன் விழித்தான். அம்மா எதுவோ கொட்டிவிட்டது என்று நினைத்து, அடுக்களைக்கு ஓடி, நிஜமாகவே ஒரு துணியோடு வந்தாள்.

நானே போய்ப் படங்களைத் திறந்து, அதற்குள் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். வரிசையாகப் பாடங்கள். ஒன்றை அழுத்தினேன். அண்ணியின் குரல், அவளுடைய பழைய குரல், அறை முழுக்க வந்தது. அண்ணி கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இடத்தைத் தின்னது இதானா?" என்றான் அண்ணன். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தான். "எதுக்கு இப்படி எடுத்து வெச்ச?"

"பென் டிரைவைக் குப்பையில போடச் சொன்னாங்களே... எல்லாம் போயிடும்னு..."

அண்ணியின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரித்தாள், சத்தமில்லாமலே அழுதாள். பலகையில் எழுதினாள்: "அது குப்பை இல்லடி. இழுக்கும்போது தொட்டி, 'வெளிய எடு'ங்கற குறியா மாறிடும். பாத்ததில்ல?"

"கண்ணை மூடிக்கிட்டுதான் இழுப்பேன் அண்ணி."

"ஏன் கேக்கல?" என்று எழுதினாள்.

"கேக்காம இருந்ததே நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா, கையிலிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. கடைசிப் பாடம். பென் டிரைவ் பக்கமே போகாத பாடம் அது, குழாயில் தண்ணீர் எப்படி வீட்டுக்கு வருகிறது என்பது. எனக்குப் பயப்படக் காரணம் இல்லாமல் போனதால் காப்பியும் இல்லாமல் போயிற்று. அண்ணன், தனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடைகளில் எல்லாம் விசாரித்தான். அழிந்தது அழிந்ததுதான் என்றார்கள். அவன் அந்த வாரம் யாரையும் சீண்டவில்லை. வீடு நன்றாகவே இல்லை.

அண்ணி அந்தப் பாடப் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். பலகையில் "நீ படி" என்று இருந்தது.

தலையை ஆட்டினேன். முடியாது.

அவள் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: "வெட்டறதுக்கு நான் இருக்கேன்."

கம்பளி தொங்கியது. அலமாரி திறந்திருந்தது. துணிகளைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே தொண்டை அடைத்தது. கையைத் தட்டினேன். மறுபடி ஆரம்பித்தேன். தட்டினேன். துணிகள் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் தாண்டுவதற்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது.

"உள்ள என்ன, கச்சேரியா நடக்குது?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள். அதையும் தட்டி, மறுபடி படித்தேன்.

அண்ணி அன்றைக்கு முழுக்க இயர்ஃபோனோடு உட்கார்ந்து என்னை வெட்டினாள். முள் முள்ளாக எடுத்தாள். முடித்துவிட்டு இயர்ஃபோனின் ஒரு முனையை என் காதில் வைத்தாள். தண்ணீர் தொட்டியிலிருந்து இறங்கி, தெருவுக்கு அடியில் ஓடி, வீட்டுக் குழாயில் வந்து விழுவதை யாரோ ஒரு பெண் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது நான்தான் என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டாக்டர் பேசலாம் என்று சொன்ன நாளில் நாங்கள் எல்லோரும் கூடத்தில் காத்திருந்தோம். அண்ணி தன்னைத்தான் முதலில் கூப்பிடுவாள் என்றாள் அம்மா. அண்ணன் பந்தயம் கட்டத் தயாராக இருந்தான். அண்ணி யாரையும் பார்க்காமல் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து என்னை மட்டும் கைகாட்டிக் கூப்பிட்டு, இயர்ஃபோனைத் தந்தாள்.

புத்தகத்தின் முடிவில் புதிதாக ஒரு வரி இருந்தது. குரல் முன்னைவிடத் தாழ்ந்திருந்தது, ஓரத்தில் மணல் ஒட்டியதுபோல. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிற அதே குரல்தான்.

"இந்தப் புத்தகத்தைப் படித்தது நான். கடைசிப் பாடத்தைப் படித்ததும், மற்ற பாடங்களைக் காப்பாற்றி வைத்ததும் என் நாத்தனார்."

இயர்ஃபோனைக் கழற்றினேன். அண்ணி என் தலையில் லேசாகத் தட்டினாள்.

"முழுசா பென் டிரைவ்ல போட்டுட்டேன். சங்கத்துக்கு அனுப்பணும். ட்ராஷ்ல போட்டுட்டு எடு" என்றாள், வாய் திறந்து, அந்தப் புதுக் குரலில். "கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு."

"முதல்ல காப்பி எடுடி!" என்று கூடத்திலிருந்து அண்ணன் கத்தினான்.

"எடுத்துட்டேன்!" என்று நானும் கத்தினேன். பென் டிரைவின் படத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். பக்கத்தில் போனதும் குப்பைத் தொட்டி மறைந்தது. அந்த இடத்தில், மேலே பார்த்தபடி ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது.