பன்னிரண்டு பாட்டில் தண்ணீர்

விஜயராணி பொய்யே சொன்னதில்லை என்று யாராவது சொன்னால் அவளே சிரித்துவிடுவாள். நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறாள், வேலைக்கு லேட்டான நாளெல்லாம் ஆஸ்பத்திரி மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறாள், மாதாகோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்தில் சாமியாரிடமே பாதியை விழுங்கியிருக்கிறாள். ஆனால் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துப் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாகூர் பக்கம் கரும்பு வயல்களைத் தாண்டிப் போனால் மேட்டுத்தெரு. மொத்தம் பன்னிரண்டு வீடு. மேடு என்பது மலையோ மண்ணோ அல்ல, குப்பை. இருபது வருஷம் லாரி லாரியாகக் கொட்டினார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போதும் என்று நிறுத்தி, மேலே செம்மண் பரப்பி, கம்பி வேலி போட்டு, 'மூடப்பட்டது' என்று போர்டும் நட்டுவிட்டுப் போனார்கள். மேலே புல் முளைத்து ஆடு மேய்கிறது. மேலேதான் மூடினார்களே தவிர அடியில் யார் மூடினார்கள்? ஒவ்வொரு மழைக்கும் அழுகல் சாறு இறங்கி, தெருவில் உள்ள போர் தண்ணீரில் கலந்துகொண்டே இருந்தது.

மோட்டார் போட்டதும் பார்த்தால் தண்ணீரில் பெரிதாகக் குறை தெரியாது. ஒரு டம்ளரில் பிடித்து ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் வரக்காப்பி நிறத்தில் இருக்கும், மேலே ஏடு மாதிரி ஒன்று மிதக்கும். விஜயராணி தினமும் சமையல்கட்டு ஜன்னலில் ஒரு டம்ளர் வைப்பாள். இன்றைக்காவது மாறியிருக்காதா என்று ஒரு நப்பாசை. ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட மாறவில்லை. குளிக்க, துவைக்க, உலை வைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். குடிக்கவும், வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கவும் மட்டும் கேன் தண்ணீர். விருந்தாளிக்கு போர் தண்ணீர் கொடுத்தார்கள் என்ற கெட்ட பேரை அந்தத் தெருவில் எந்த வீடும் எடுத்ததில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் மகள் ரோஸ்லின் முழுகாமல் இருந்தாள். அரியாங்குப்பத்தில் கட்டிக் கொடுத்த ஒரே பெண், ஆறாம் மாசம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று விஜயராணி பழைய வேட்டியெல்லாம் கிழித்துத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். அப்போது சம்பந்தியம்மா ரோசம்மாள் போன் செய்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. உங்க தெருவுக்கு பைப்பு தண்ணி வரட்டும், மறுநாளே அனுப்புறேன். வரலன்னா பிரசவம் இங்கதான். அந்தத் தண்ணிய நம்பிப் பச்சப் புள்ளய வைக்க முடியாதுல்ல."

விஜயராணிக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த மாசமே கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு சேதி சொன்னார்கள். மெயின் ரோட்டு மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரே ஒரு தெருவுக்குப் புது பைப் லைன் போடப் பணம் வந்திருக்கிறது. தண்ணீரைச் சோதித்து, எந்தத் தெருவில் மோசமோ அங்கே போடுவோம் என்றார்கள். விஜயராணி மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். மோசம் என்ற போட்டியில் மேட்டுத்தெருவை யார் ஜெயிக்க முடியும்?

லேபிலிருந்து செல்வகுமாரி என்ற பெண் வந்தாள். வந்த நேரம் கரண்ட் இல்லை, ஒரு மோட்டாரும் ஓடாது. பன்னிரண்டு பாட்டிலிலும் வீட்டுக்காரர் பேரை எழுதி ஒட்டி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள்.

"கரண்ட் வந்ததும் மோட்டார் போட்டு அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, இதுல புடிச்சி வைங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

"பேரு எதுக்கும்மா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக் கலியம்மாள்.

"ரிசல்ட்டை வீட்டுவாரியா ஆபீஸ் போர்டுல ஒட்டுவோம்."

அந்த ஒரு வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது. விஜயராணி சொன்னபடியே பாட்டிலை நிரப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். லேசான மஞ்சள். அதன் மேல் கொட்டை எழுத்தில் 'பாக்யராஜ் – விஜயராணி'. புருஷன் பேரும் தன் பேரும் போர்டில் தொங்குவதை நினைத்துப் பார்த்தாள். ரோசம்மாளின் சொந்தக்காரன் எவனாவது போனில் படம் பிடித்து அனுப்புவான். ரோஸ்லின் இத்தனை வருஷம் புழங்கி வளர்ந்த தண்ணீர் இதுதானா என்று அந்த வீட்டில் பேச்சு வரும். போதாததற்கு, ஆபீசிலிருந்து ஒரு பெண் படியேறி வந்து தண்ணீர் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் போய் இதையா கொடுப்பது? பதினோரு வீட்டுத் தண்ணீர் மோசம் என்று வந்தால் போதாதா, ஒரு வீடு நல்லதாக இருந்தால் என்ன குறைந்துவிடும்? பாட்டிலைச் செம்பருத்திச் செடியில் கவிழ்த்தாள். அன்று இறக்கிய புதுக் கேனை உடைத்து, நிரப்பி, முந்தானையால் துடைத்து வாசலில் வைத்தாள்.

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிறவள். பக்கத்து பெட்காரரின் மூத்திரத்தை டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, தனக்குச் சர்க்கரை இல்லை என்று லட்டு தின்ற ஒரு பெரியவரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவள். அந்தப் பெரியவர் இப்போது அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தார். சிரிப்புதான் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அங்கன்வாடிக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆபீசர் காகிதத்தைப் பிரித்துப் படித்தார்.

"பன்னெண்டு வீட்டுத் தண்ணியும் குடிக்க உகந்ததுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ரொம்ப சந்தோஷம். அதனால பைப் லைனை வேற தெருவுக்கு மாத்துறோம்."

விஜயராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டுமா? தன்னுடையது சரி, மற்ற பதினொன்று எப்படி? திரும்பிப் பார்த்தாள். ஒரு குடம் தண்ணீருக்கு ஊரையே கூட்டுகிற கலியம்மாள் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் தரையில் என்னத்தையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட, இது அநியாயம் என்று எழுந்திருக்கவில்லை.

செல்வகுமாரி மட்டும் முகம் சுளித்தாள். "எனக்கு ஒண்ணு புரியல சார். அடுத்தடுத்த ரெண்டு போர் தண்ணிகூட இப்படி ஒத்துப் போவாது. இங்க பன்னெண்டும் ஒரே அச்சா இருக்கு."

"நல்லா இருந்தா நல்லதுதானேம்மா," என்று ஆபீசர் காகிதத்தை மடித்தார்.

மடித்த காகிதம் பைக்குள் போய்விட்டால் ரோஸ்லின் வரமாட்டாள். பேரப்பிள்ளை அரியாங்குப்பத்தில் பிறக்கும். இவள் விருந்தாளி மாதிரி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். அந்த நினைப்பு அவளை எழுப்பி நிறுத்திவிட்டது.

"மேடம், எங்க வூட்டு பாட்டில்ல இருந்தது போர் தண்ணி இல்ல. கேன் தண்ணி."

ஆபீசருக்கு முகம் சிவந்தது. "இன்னாம்மா, விளையாட்றியா? எதுக்கு அப்படிப் பண்ண?"

"பேரு போட்டு ஒட்டுவேன்னாங்க சார். பொண்ணு கட்டிக் குடுத்த வூட்ல இன்னா நெனப்பாங்க? வூட்டுக்கு வந்தவங்களுக்கு அந்தத் தண்ணியக் குடுத்து எங்களுக்குப் பழக்கமும் இல்ல." சொல்லும்போதே குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. "பொய் சொன்னது நான்தான். தெரு இன்னா சார் பண்ணும்? அந்த லைனை எடுத்துனு போயிடாதீங்க."

"அடிப்பாவி!" என்று ஒரு சத்தம். கலியம்மாள். "நீயுமா? நான் மட்டுந்தான் பண்ணேன்னு மூணு வாரமா சோறு எறங்கலடி எனக்கு!"

அதற்கப்புறம் அணை உடைந்தது. "நானும்", "எங்க வூட்லயும்", "எங்க மாமியாதான் ஊத்தச் சொன்னாங்க" என்று ஒவ்வொரு மூலையிலிருந்தும் குரல் வந்தது. பன்னிரண்டு வீடும், மற்ற பதினோரு வீட்டை நம்பி ஏமாற்றியிருந்தது. கேன் போடுகிற நவீன்குமார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அன்னைக்கு பன்னெண்டு வூட்லயும் புதுக் கேன் எறக்கச் சொன்னீங்களே, தெருவுக்கே இன்னா விசேஷம்னு நெனச்சேன்," என்றான். அங்கன்வாடியே குலுங்கியது. அழுதுகொண்டிருந்த விஜயராணியும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள்.

ஆபீசர் மட்டும் நடவடிக்கை, அது இது என்று ஆரம்பித்தார். செல்வகுமாரி சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "தப்பு எங்க மேலயும் இருக்கு சார். பாட்டிலைக் குடுத்துட்டு நான் போயிருக்கக் கூடாது," என்றாள். அன்றைக்கே வீடு வீடாக மோட்டாரடியில் நின்று தானே பிடித்தாள். இந்தத் தடவை பாட்டிலில் பேர் எழுதவில்லை, நம்பர்தான்.

ரிப்போர்ட் வந்தது. ஒன்பது வீட்டில் ஈயமும் அம்மோனியாவும் அளவுக்கு மேல். ஏழாம் நம்பர் எல்லாவற்றையும் முந்தி நின்றது. தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்று கேட்டு மாதாவுக்கு நன்றி சொன்னவள் ஏழாம் நம்பர் விஜயராணி ஒருத்தியாகத்தான் இருக்கும். அடுத்த நிமிஷமே, இத்தனை வருஷம் இதிலா உலை வைத்தோம் என்று பதறி மகளுக்குப் போன் செய்தாள். ரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு முகாம் வைத்தார்கள். அரியாங்குப்பத்தில் ரோஸ்லினும் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் அளவுக்குள்தான், பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விஜயராணிக்குத் தூக்கம் வந்தது.

லைன் போட்டார்கள். மேட்டை அள்ளப் போவதாகவும் சொல்லியிருக்கிறார்கள், அள்ளும்போது பார்த்துக்கொள்ளலாம். ரோசம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. ஒன்பதாம் மாசம் வளைகாப்பு முடிந்ததும் ரோஸ்லின் கை நிறைய வளையலோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

அன்று சாயங்காலம் புதுக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, வழக்கம்போல் ஜன்னலில் வைத்தாள் விஜயராணி. குழாய் வந்து பத்து நாளாக வைக்கிறாள். பத்து நாளும் தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். டம்ளர் காலி.

"ரோஸ்லின்! இதுல இருந்த தண்ணி எங்கடி?"

"குடிச்சிட்டம்மா, தாகமா இருந்துச்சு," என்றாள் மகள், பாதித் தூக்கத்தில், வயிற்றின் மேல் கையை வைத்தபடி.

வீட்டுத் தண்ணீரை மகள் குடித்துவிட்டாள் என்றால் முன்பெல்லாம் அவளுக்கு ஒரு பயம் எழும். அது வரும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தாள். வரவில்லை. டம்ளரைக் கழுவி மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்துவிட்டு, காப்பிக்குக் குழாயைத் திறந்தாள்.