ஒரு படி பழத்தின் எடை

ஏசுவடியாள் வீட்டில் மாம்பழத் துண்டு, திராட்சை, நாவல் என்று எந்தப் பழத்தை ஒரு படி அளந்து வைத்தாலும் தராசு ஒரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம்தான் காட்டியது. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டுக்குப் பின்னால் குடியிருந்த அவள் பதினோரு வருஷமாகப் பழ ஜாம் காய்ச்சி விற்றாள். ஒரு படி பழத்துக்கு முக்கால் படி சீனி, அவ்வளவுதான் அவள் பக்குவம். தென்காசி பேக்கரிக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் கிராமில் எழுதித் தந்தால்தான் ஆர்டர் என்றதால், புருஷன் சாம்சுந்தர் எலெக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தான். சீனி சரியாக நின்றது, அரிசியும் அப்படியே. பழம் மட்டும் அந்த ஒரே எண்ணில் நின்றது. தராசு ரிப்பேர் பார்க்கும் பரமசிவன் எடைக்கல் வைத்துச் சோதித்துவிட்டு, "தராசுல கோளாறு இல்ல அண்ணாச்சி, ஒங்க வீட்டுப் பழந்தான் இப்படி" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கழுவிய நாவல் பழம் ஒரு படியை ஈரம் போக வேட்டித் துணியில் கொட்டி ஏந்திய சாம்சுந்தர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன செய்யுது ஒங்களுக்கு?"

"ஏட்டி, இது நம்ம பிள்ளை. அதே கனம்."

இரண்டு வருஷத்துக்கு முன் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஏழாம் மாதத்தில் பிறந்து, ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து செத்துப்போன பெண் குழந்தை. ஏசுவடியாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். அவன் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்து, பஸ்ஸில் ஒரே ஒரு டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்து, கல்லறைத் தோட்டத்தில் புதைத்தான். அதைப்பற்றி அவன் பேசவில்லை, அவள் கேட்கவும் இல்லை. அவள் கை அந்தப் பிள்ளையை ஒருதரம்கூட வாங்கியதில்லை.

"இங்கன தாங்க" என்று வாங்கினாள். மறுநாள் மத்தியானம் வரை மடியைவிட்டு இறக்கவில்லை. சாறு கசிந்து சேலையெல்லாம் நீலமாயிற்று. "பேரு ஒண்ணும் வைக்கலையே" என்றாள்.

"குழிக்குள்ள வைக்கையில ஜாய்லின்னு கூப்பிட்டேன்" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு படி பழத்தை அவளால் அடுப்பில் போட முடியவில்லை. கூடை கூடையாகப் பழம் அழுகியது, பேக்கரிக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார், மூன்று மாதம் அண்டா கவிழ்ந்தே கிடந்தது. அரைப்படியாக அளந்தால் பழம் தன் எடையைக் காட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அரைப்படி மாம்பழம் ஐந்நூற்றைம்பது கிராம், திராட்சை நானூற்று எண்பது. அப்படியே எழுதிக் கொடுத்து வேறு கடைக்கு ஜாம் காய்ச்சினாள்.

மாதம் பிறந்தால் ஒருமுறை மட்டும் முழுப்படி அளந்தாள். பெயர் சொன்ன நாளிலிருந்து அந்த எடை கூடிக்கொண்டே வந்தது. வருஷம் ஐந்தாகிறது. போன ஜூனில் ஒரு படி கொய்யா பதினாறு கிலோ எழுநூறு. வீட்டுத் தராசு தாங்காததால் இருவருமாகத் தூக்கிக்கொண்டு மைதீன் பாட்சா மளிகைக் கடைக்குப் போகிறார்கள். அவர் மூட்டை நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்துச் சொல்கிறார், கடையில் நிற்கிறவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஆகஸ்டில், ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்தபோது, முந்நூறு கிராம் குறைந்திருந்தது. ஏசுவடியாளுக்கு அந்த மாதம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. செப்டம்பர் ஒன்றாம் தேதி பாட்சா தராசைக் குனிந்து பார்த்து, "கூடியிருக்கும்மா" என்றார். அவள் கடையிலேயே கால்கிலோ கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.