வெர்லின் நிரப்பிய இரண்டாவது அட்டை

அந்தச் சனிக்கிழமை காலை கார் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் வெர்லின் ஷ்டக்கி. அவன் மடியில் ஒரு பலகை, பலகைமேல் ஓர் அட்டை. எதிரே, கழற்றிப் போட்டிருந்த கார் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு அவன் மச்சான் ரஸ். உதிரிபாகக் கடை கவுண்ட்டரில் வேலை பார்க்கும் ஆர்லோ, பட்டறை மேசைமேல் ஏறி உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தான். வீட்டுக்குள் போகும் படியில் வெர்லினின் மனைவி லோர்னா, துணிக்கூடையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். நடுவில், இரும்புத் தாங்கியின்மேல், அறுபத்தொன்பதாம் வருடத்து ஷெவெல் காரின் எட்டு சிலிண்டர் என்ஜின். அதன் முன்மூடி கழன்றிருந்தது. கேம்ஷாஃப்ட் இருக்க வேண்டிய ஓட்டை மட்டும் கறுப்பாக வாயைத் திறந்துகொண்டிருந்தது.

மணி பத்து இருபது. தபால் ஜீப் பதினொன்றுக்கு வரும். வெர்லினால் உட்கார முடியவில்லை. எழுந்து வாசல் வரை போய்ச் சாலையைப் பார்ப்பான், வந்து உட்காருவான், பேனா மூடியைக் கழற்றுவான், மாட்டுவான்.

அயோவாவில் பிளெவின்ஸ் என்று ஒருவர், என்ஜின்களுக்குக் கேம்ஷாஃப்ட் அரைத்துத் தருபவர்; கேம் என்பார்கள் சுருக்கமாக. தொலைபேசியில் பேச மாட்டார். அவர் அச்சடித்த அட்டையை நிரப்பி அனுப்பினால், எழுதியிருப்பதைப் பார்த்து அதற்கேற்ற கேம் அனுப்புவார். வருகிற வெள்ளியோடு கடையை அடைத்தால் திறக்கப் பத்து நாளுக்கு மேலாகும். அட்டை இன்றைக்கே போயாக வேண்டும்.

"மச்சான், பின்னாடி பல்சக்கரம் நாலு பத்துன்னு போடு, ரேஸ் வண்டின்னு நினைச்சுப் பெரிய கேமா அனுப்புவாரு," என்றான் ரஸ்.

"இருக்கிறது மூணு பூஜ்யம் எட்டுடா."

"இருக்கிறதை எழுத இது என்ன கோர்ட்டா?"

ஆர்லோ விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டான். "கவுண்ட்டர்ல நிக்கிறவன் சொல்றேன், கேட்டுக்க. எல்லாரும் ஒரு படி ஏத்தித்தான் எழுதுவாங்க. அது அவருக்கும் தெரியும், அதனால ஒரு படி இறக்கித்தான் குடுப்பாரு. நீ பாட்டுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன்னு வை, தையல் மிஷினுக்குப் போடுற கேம்தான் வரும்."

ரஸ் விழுந்து விழுந்து சிரித்தான். வெர்லினும் சிரித்துவைத்தான்.

வால்வுகள் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேம். என்ஜின் சுழற்சியில் இருநூற்றுப் பத்து டிகிரி என்றால் வண்டி சாதுவாக ஓடும். இருநூற்று நாற்பது என்றால் சிக்னலில் நிற்கும்போதே குமுறும். தெருவில் போகிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் குமுறலில் என்ஜினின் உறிஞ்சும் சக்தி குறைந்துவிடும். லேசாக மிதித்தாலே பிடிக்கும் பவர் பிரேக் உயிர்வாழ்வது அந்த உறிஞ்சலில்தான். போன அக்டோபரில் பிளெவின்ஸிடமிருந்து வந்த கேம் இருநூற்று நாற்பத்து நான்கு. வெள்ளிக்கிழமை மாலைகளில் மெயின் ஸ்ட்ரீட்டை இரண்டு சுற்று சுற்றி வரும்போது, அந்தச் சத்தம் ஸ்டியரிங் வழியாக ஏறி வெர்லினின் பல்லில் வந்து உட்காரும். அவன் வாழ்க்கையில் அவனைத் திரும்பிப் பார்த்த கூட்டம் அந்தத் தெருவில் நின்றதுதான்.

"அக்கா ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே?" என்றான் ரஸ். "எப்படியும் நீ ஓட்டப் போறதில்ல. ஊர்ல இருந்த ரயில்வே கேட் ஒண்ணுதான். அதையும் நீ உடைச்சாச்சு."

லோர்னா ஒரு துண்டை உதறி மடித்தாள்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை. தானியக் கிடங்குப் பக்கத்து ரயில் பாதையில் சிவப்பு விளக்கு மின்னியது. லோர்னா பிரேக்கை மிதித்தாள். பெடல் கல்லாக நின்றது. வண்டி முன்னால் முண்டிப் போய்க் குறுக்குக் கட்டையை உடைத்து, தண்டவாளத்துக்கு ஒரு கார் நீளம் முன்னால் நின்றது. பின்சீட்டில் அவர்கள் மகள், ஆறு வயது மார்லா. அன்றிலிருந்து லோர்னா ஷெவெலைத் தொடவில்லை. காய்கறியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலைக்கு ஒன்றரை மைல் நடந்தே போனாள். பனியில் ஷூ ஈரமாக இருந்தது, கால் வழுக்கிவிட்டது, பயத்தில் சரியாக மிதிக்கவில்லை என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். அந்த ஷூவைக் குப்பையில் போட்டாள். ஊரும் அதையே சொன்னது. வெர்லின் மறுத்துப் பேசவில்லை.

"நேரமாகுது, நானே கேக்குறேன்," என்று ஆர்லோ குனிந்து அட்டையைப் பார்த்தான். "பிரேக்: சாதாவா, பவரா? சாதான்னு போட்டுரு. பவர்னா ஆள் பயந்து சின்னதாக் குடுத்துருவாரு. போன தடவையும் அப்படித்தானே போட்டோம்?"

லோர்னாவின் கை நின்றது.

"போன தடவை என்ன போட்டீங்க?"

ஆர்லோ டோனட்டைக் கீழே வைத்தான். வெர்லின் பேனா மூடியை மாட்டினான், கழற்றினான்.

"வெர்லின், உன்னைத்தான் கேக்குறேன்."

"பவர் பிரேக் இல்லைன்னு எழுதினேன். பல்சக்கரமும் கூட்டிப் போட்டேன்."

"மச்சான், பிரேக் பூஸ்டர் பழசாச்சு, அதான் மாத்துறேன்னுதானே சொன்னே?" என்றான் ரஸ்.

"பூஸ்டர்ல ஒண்ணும் இல்லடா. புதுசு மாட்டியும் பெடல் கல்லாத்தான் இருந்துச்சு. கேம்தான் காரணம். ஆர்லோ சொன்ன மாதிரி பிளெவின்ஸ் படி எதையும் இறக்கல. நான் எழுதினதை நம்பி, அதுக்குத் தோதா அனுப்பியிருக்காரு."

"இது உனக்கு எப்பத் தெரியும்?" லோர்னாவின் குரல் உயரவே இல்லை.

"ஏப்ரல்ல."

"இது ஆகஸ்ட்." மடித்த துணியைக் கூடையில் வைத்தாள். "குளிர்காலத்திலேயே சொன்னேன், பெடல் கெட்டியா இருக்குன்னு. அழுத்தி மிதின்னே. சரி, அப்பத் தெரியாது. ஏப்ரல்ல இருந்து? தினம் மூணு மைல் நடக்குறப்போ என் காலைத்தான் திட்டிக்கிட்டு நடந்தேன். ராத்திரி மார்லா முகத்தைப் பார்க்க முடியல எனக்கு. நீ பக்கத்துல படுத்திருந்தே."

அவளிடம் சொல்லிவிட நினைத்துத்தான் வெர்லின் என்ஜினைக் கழற்றினான். ஆனால் சொல்லாமலே சின்ன கேம் ஒன்றை மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்று காலை வரை நம்பினான். அதையும் இவர்கள் எதிரில் எழுதத் தைரியமில்லாமல் பேனா மூடியோடு விளையாடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் சும்மா விளையாட்டுக்கு..."

"நீ வாயை மூடு."

அவள் இறங்கி வந்து பலகையைத் தன் பக்கம் திருப்பினாள். "நான் கேக்குறேன், நீ எழுது. எடை?"

"மூவாயிரத்து அறுநூறு பவுண்டு."

"பல்சக்கரம்?"

"மூணு பூஜ்யம் எட்டு."

"பிரேக்?"

"பவர்," என்று எழுதினான். பேனா அட்டையைக் கிழிக்காத குறை.

"எதுக்கு ஓட்டுறது?"

"தினம் வேலைக்கு." சற்று நின்று, "நீ ஓட்டுறேன்னு எழுதவா?" என்றான்.

"எழுதாதே. நான் இன்னும் சம்மதிக்கல."

"அப்போ சிக்னல்ல சத்தமே வராதே," என்று ஆர்லோ தனக்குள் சொல்லிக்கொண்டான். வெர்லினுக்குள் ஏதோ ஒன்று சுருங்கியது. இத்தனைக்குப் பிறகும் சுருங்கியது. அட்டையின் பின்புறத்தைத் திருப்பி வேகவேகமாக எழுதினான். முடித்து அவளிடம் நீட்டினான். அவள் படித்தாள். பிறகு தம்பியிடம் கொடுத்தாள்.

"சத்தமா படி."

ரஸ் எழுந்து நின்று படித்தான். "ஐயா, சென்ற முறை பிரேக் பற்றியும் பல்சக்கரம் பற்றியும் நான் எழுதியது பொய். மார்ச் மாதம் என் மனைவி ஓட்டிச் சென்றபோது வண்டி நிற்கவில்லை. குழந்தையும் உள்ளே இருந்தாள். தவறு என் மனைவியுடையது அல்ல, உங்களுடையதும் அல்ல. மிதித்தால் நிற்கிற வண்டி வேண்டும். சத்தம் எப்படி இருந்தாலும்..." அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். "சத்தம் எப்படி இருந்தாலும் சரி. வெர்லின் ஷ்டக்கி."

சாலைத் திருப்பத்தில் தபால் ஜீப்பின் சத்தம் கேட்டது. வெர்லின் அட்டையை உறைக்குள் நுழைத்தான்; அவசரத்தில் ஒரு முனை மடங்கியது. லோர்னா உறையை வாங்கி முனையை நிமிர்த்தினாள், பசையை நாக்கால் தடவினாள், துணிக்கூடையின் விளிம்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். அவனிடம் திருப்பித் தரவில்லை. தானே சரளைப் பாதையில் நடந்து போய், ஜீப் ஜன்னலுக்குள் நீட்டினாள்.