கன்டர்பரியில் ஏற்றிய மெழுகுதிரி

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் தேவராஜா வீட்டுக்குள் மெழுகுதிரி நுழையாது. கரண்ட் போனாலும் டோர்ச்தான். சிலையும் திரியும் ஆகாத பெந்தெகொஸ்தே சபையின் மூப்பர் அவர். சைவக் குடும்பத்தில் பிறந்து ஞானஸ்நானம் எடுத்தவர் என்பதால் கண்டிப்பு இன்னும் ஒரு படி கூட. அவருடைய மனைவி ஞானமலர்தான் போன கிழமை லண்டனுக்குத் தங்கையைப் பார்க்கப் போனவள், கன்டர்பரிப் பேராலயத்தில் திரி ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போனாள். பல நூறு வருஷம் யாத்திரிகர் ஏறித் தேய்ந்த படிகளில் ஏறினால், மேலே அவர்கள் தேடி வந்த புனிதரின் கல்லறையைக் காணோம். எப்போதோ ஒரு ராஜா இடித்துவிட்டானாம். வெறும் தரையில் ஒற்றைத் திரி எரிந்தது. சிலையே இல்லையே, பிறகென்ன பாவம் என்று மனம் வசதியாக நியாயம் சொன்னது. கீழே வந்து தானும் ஒன்று ஏற்றி முழங்காலில் நின்றாள். கணவரின் கழுத்துக் கட்டியில் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிய துண்டுக்கு அப்போது இன்னும் முடிவு வரவில்லை. புற்றுநோய் மட்டும் வேண்டாம் என்று அழுதாள்.

செவ்வாய்க்கிழமை, டிஜிட்டல் போஸ்ட் என்ற அரசாங்க இணைய அஞ்சலில் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. சாதாரணக் கட்டி. இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஞானமலருக்கு அப்போதுதான் மூச்சே ஒழுங்காக வந்தது.

"ஞாயிறு சபையிலை சாட்சி சொல்லோணும்," என்றார் தேவராஜா. "கர்த்தரைத் தவிர வேறை ஒண்டையும் நாங்கள் தேடேல்லை எண்டு."

ஞானமலருக்குக் கன்டர்பரித் திரி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால், சபை முழுவதற்கும் முன்னால் கணவரைப் பொய் சொல்ல வைத்தவள் ஆகிவிடுவாள்.

"இஞ்சருங்கோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்று தொடங்கி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

தேவராஜா கதிரையை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். முடிந்தது கதை என்று ஞானமலர் நினைத்தாள்.

"என்னோடை வேலை செய்யிற பாலேந்திரா அண்ணை, கோயிலிலை உன்ரை பேருக்கு ஒரு அர்ச்சனை செய்யப்போறன், நட்சத்திரத்தைச் சொல்லு எண்டு கேட்டவர்."

"நல்லா ஏசி அனுப்பியிருப்பியள்."

"இல்லை. கேட்டை நட்சத்திரம் எண்டு சொல்லிப்போட்டன்."

இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியும் அவருடைய நட்சத்திரம் இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சிரித்தார்.

"அப்ப ஞாயிறு என்ன சொல்லப்போறியள்?"

"சுகமாயிருக்கிறன், கர்த்தருக்கு நன்றி எண்டு சொல்லுறன். மிச்சம் அவருக்குத் தெரியும்தானே."