இரண்டு பொத்தான்களும் வேலை செய்ய வேண்டும்

1

இந்தக் கதையை என் அக்காவிடம் கேட்காமல் எடுத்தேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள். முடித்ததும், "இதை எங்கயாவது எழுதித் தொலைக்காத" என்றாள். எழுதித் தொலைத்துவிட்டேன்.

அவள் செய்யும் வேலை சொந்தக்காரர்களுக்குப் புரியாது. கேட்டால் "கம்ப்யூட்டர்" என்பாள். கேட்டவர் உடனே தன் வீட்டு பிரிண்டரில் பேப்பர் சிக்குவதைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். உண்மையில் அவள் வேலை இது: ஒரே நேரத்தில் ஓடும் பல நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்போது என்னவெல்லாம் நடக்கலாம் என்று கணக்கிட ஒரு கணிதம் இருக்கிறது. அதை வைத்து, கருவி செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது என்று நிரூபித்து, கடைசித் தாளில் கையெழுத்துப் போடுவாள். இதுவரை இருபத்திரண்டு தாள்கள். இது இருபத்து மூன்றாவது தாளைப் பற்றியது.

[காலை பத்தரைக்கு வந்த அந்தத் தொலைபேசி அழைப்பு அவள் வாழ்க்கையையே புரட்டி]

இல்லை. எந்த அழைப்பும் வந்த நிமிடத்தில் வாழ்க்கையைப் புரட்டுவதில்லை. முதலில் எரிச்சலைத்தான் தருகிறது. வேறு மாதிரி தொடங்குகிறேன்.

2

ஒரு பெரிய மருத்துவமனை. கட்டிலில் படுத்திருப்பவர் மணியை அழுத்தினால் வார்டுச் சுவரில் மணி அடித்து, சிவப்பு விளக்கு எரியும். பழைய ஏற்பாடு. அக்காவின் நிறுவனம் அதற்குப் பதிலாக நர்ஸ்களின் சட்டைப் பைக்குள் போகும் ஒரு கருவியைச் செய்தது. மணி வந்தால் திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றும்: 'வருகிறேன்', அல்லது வேறு நர்ஸிடம் தள்ள 'மாற்றிவிடு'.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி வழி ஒன்று உண்டு. அந்தக் கட்டிலுக்கும் அதைக் கவனிக்கும் நர்ஸுக்கும் மட்டும் தெரிந்த ரகசிய எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலை வேறு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனால் அந்த எண்ணும் கூடவே போக வேண்டும். பழைய நர்ஸின் கருவி, புது நர்ஸின் கருவிக்கு அதை அனுப்புகிறது. அதாவது, ஒரு வழியின் வழியாக இன்னொரு வழி பயணம் செய்கிறது. நம் எண்ணை நாமே தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்வதில்லையா, அதே சங்கதி. எண் கை மாறிய கணத்தில் யார் யாரோடு பேசலாம் என்ற வரைபடமே மாறிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் கம்பிகளைத் தானே மாற்றிக் கட்டிக்கொள்ளும் இயந்திரம்.

(இந்தப் பத்தியை நான்கு முறை எழுதினேன். மூன்றாவது வடிவத்தில் கிரேக்க எழுத்துகள் இருந்தன. நீங்கள் தப்பித்தீர்கள்.)

மூன்று வாரமாகப் பழைய மணியும் புதுக் கருவியும் சேர்ந்தே ஓடின; கருவியில் பதில் பதிவானால் சுவர் விளக்கும் அணையும். கதை நடக்கும் நாளில், நண்பகல் பன்னிரண்டுக்குச் சுவர் மணிகளின் கம்பியை அறுப்பதாக ஏற்பாடு. அக்காவின் கையெழுத்தை நம்பித்தான் அந்த நேரம் குறிக்கப்பட்டது.

3

பத்தரைக்கு இரண்டாம் வார்டு நர்ஸ் கூப்பிட்டார்.

"மேடம், பெரிய விஷயமில்ல. நேத்து ஒரு கட்டிலை மேல் மாடிக்கு அனுப்பினோம். லிஃப்ட்ல இருக்கும்போதே அவர் மணியை அழுத்திட்டார் போல. எனக்கு வந்துச்சு. 'வருகிறேன்' அழுத்தினேன்."

"சரி."

"பொத்தான் உள்ள போய் வெளிய வந்துச்சு. அவ்வளவுதான். சுவத்துல விளக்கு அணையவே இல்ல. ரெண்டு மூணு தடவை குத்தினேன். அப்புறம் 'மாற்றிவிடு' அழுத்தினா டக்குனு எடுத்துக்கிச்சு."

"விளக்கு எரிஞ்சதாலதான் கவனிச்சீங்களா?"

"ஆமா. இல்லைன்னா பதிவாயிடுச்சுன்னு நினைச்சு அவரைத் தேடிப் போயிருப்பேன். அதுக்குள்ள லிஃப்ட் எந்த மாடியோ. மேல் மாடி நர்ஸுக்கும் மணி போயிருக்காது."

அக்கா பேனாவை எடுத்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை கட்டில் வார்டு மாறும்?"

"நாப்பது இருக்கும். நகரும்போதே மணி அழுத்துறவங்க எப்பவாவது ஒருத்தர்தான். ஏன் மேடம்?"

"சும்மா கேட்டேன்" என்றாள். அவள் சும்மா எதையும் கேட்பவள் இல்லை.

4

அவள் செய்த தவறு அவள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. அதை விளக்க எனக்கு ஒரு வீடு வேண்டும்.

முதல் வீட்டில் வாசலைத் தாண்டினால் ஒரு கூடம். கூடத்தின் கடைசியில் இரண்டு கதவுகள், இடது ஒன்று, வலது ஒன்று. பிடித்ததைத் திறக்கலாம்.

இரண்டாவது வீட்டிலும் வாசல் உண்டு. ஆனால் தாண்டும்போதே யாரோ சத்தமில்லாமல் உங்களை இரண்டு கூடங்களில் ஒன்றில் தள்ளிவிடுகிறார்கள். ஒரு கூடத்தில் இடது கதவு மட்டும் உண்மை, வலது கதவு சுவரில் வரைந்த படம். மற்றதில் நேர்மாறு.

இப்போது நடந்து போனவர்களின் கால்தடங்களைப் பட்டியலிடுங்கள். முதல் வீட்டில்: வாசல், இடது. வாசல், வலது. இரண்டாவது வீட்டில்: வாசல், இடது. வாசல், வலது. ஒரு எழுத்துக்கூட வித்தியாசமில்லை. ஆனாலும் ஒன்றில் நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், மற்றதில் உங்களுக்காக ஏற்கனவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஓர் ஆட்டம் இருக்கிறது. ஒருவர் ஒரு வீட்டில் ஓர் அடி வைப்பார். மற்றவர் இன்னொரு வீட்டில் அதே அடியை வைத்துக் காட்ட வேண்டும். ஒவ்வோர் அடிக்குப் பிறகும், முதலாமவர் விரும்பினால் வீட்டை மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் ஆடினாலும் இரண்டாமவர் மாட்டிக்கொள்ளவே இல்லையென்றால்தான் இரண்டு வீடும் ஒன்று. கால்தடப் பட்டியலை ஒப்பிட ஒரு மணி நேரம் போதும். இந்த ஆட்டத்தை ஆடி முடிக்க நான்கு நாள் ஆகும்.

கருவி இருக்க வேண்டிய விதம் முதல் வீடு, இருந்த விதம் இரண்டாவது. அக்கா பட்டியலை மட்டும் ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

நர்ஸ் சொன்னதைக் கேட்டபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது: கட்டில் நகர்ந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தால், அது பழைய நர்ஸுக்கா புது நர்ஸுக்கா என்று கருவி உள்ளுக்குள் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறது. திரையில் மட்டும் இரண்டு பொத்தான்களையும் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று பொத்தான், மற்றது பொத்தானின் படம்.

5

ஏன் ஆட்டத்தை ஆடவில்லை? இந்த இடத்தில் ஒரு வில்லன் இருந்தால் வசதி.

பிரிவுத் தலைவர் இருக்கிறார். அலுவலகத்தில் அவர் பெயர் 'ஆச்சா'. யாரைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்பார். கழிப்பறை வாசலிலும் கேட்டிருக்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு.

[ஆச்சாவின் சின்னக் கண்கள் பாம்பைப் போல]

வேண்டாம். அக்கா நான்கு நாள் கேட்டிருந்தால் அவர் முனகிக்கொண்டே கொடுத்திருப்பார் என்று அவளே சொல்கிறாள். அவள் கேட்கவில்லை. "இத்தனை செஞ்சாச்சு, இது என்ன புதுசா இருக்கப்போகுதுன்னு நினைச்சேன்" என்றாள், தொட்டியைப் பார்த்தபடி. அப்படியானால் இது திமிரின் கதையா? அவ்வளவு பெரிய சொல்லும் பொருந்தவில்லை. பழக்கத்தின் கதை.

இன்னொன்றையும் முயன்று பார்த்தேன்.

[அன்று காலை மேல் மாடிக்குத் தள்ளப்படவிருந்த கட்டிலில் எங்கள் அம்மா]

சத்தியமாக எழுதினேன். உங்கள் நெஞ்சைப் பிடித்து உலுக்க அது போதும் என்று தெரியும். ஆனால் யாரோ ஒருவர் படுத்திருந்தால் போதாது என்று நானே சொல்வதாகிவிடும். அழித்தேன். கட்டிலில் யாரோ ஒருவர்தான் இருக்கிறார்.

பதினொன்றேகாலுக்கு அக்காவின் முன் இருந்தவை இவை. பன்னிரண்டுக்குள் கையெழுத்தைத் திரும்பப் பெற்றால் கம்பியை அறுக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று தவறென்று தெரிந்தால் முந்தைய இருபத்திரண்டையும் பிரித்துப் போடுவார்கள். அதற்குப் பிறகு அவள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அவள் விற்பதே அதைத்தான். மாறாக, நிரல் எழுதியவரிடம் சொல்லி, வழக்கமான திருத்தம் என்ற பெயரில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். இரண்டு நாள் ஆகும். எண்பது கட்டில்கள் நகரும். அதில் ஒன்று மணியடிக்கலாம், அடிக்காமலும் போகலாம். யாருக்கும் தெரியாது.

6

இதற்கு மேல் நான் இப்படி எழுதியிருந்தேன்:

'அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஆச்சாவின் அறையை நோக்கி நடந்தாள். ஒவ்வோர் அடியிலும் இரண்டு மனம் அவளைப் பிடித்து இழுத்தது.'

தாளை அக்கா கண்டுபிடித்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பேனாவை எடுத்துவந்து உட்கார்ந்தாள்.

"என்னடா தெளிவு? ஒரு மண்ணும் தெளியல."

"அப்புறம் எதுக்கு எழுந்த?"

"உட்கார முடியல, எழுந்தேன்."

"அவர் ரூம் பக்கம்தானே போன?"

"தண்ணி கேனும் அந்தப் பக்கம்தான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நாற்காலியிலயே என்னை முடிவெடுக்க வெச்சுட்ட. அப்புறம் கதவு வரைக்கும் ரெண்டு மனசு, ரெண்டு மனசுன்னு படிக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போற. ரெண்டு பொத்தான் காட்டுற, ஒண்ணுதான் வேலை செய்யுது. நான் பண்ண அதே தப்பு."

"முடிவு எனக்குத் தெரியுமேக்கா. நீதானே சொன்ன."

"அதான் கெடுத்திருக்க. நான் நல்லவளா இருந்து போகலடா. கெட்டவளாவும் போகல. கதவுகிட்ட போற வரைக்கும் எனக்கே தெரியாது. தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி வந்திருந்தாலும் அது நான்தான். அதை எடுத்துட்டன்னா அப்புறம் நான் செஞ்சதுக்கு என்ன மரியாதை?"

பேனாவை மூடினாள். "எழுதுறதுன்னா ரெண்டும் வேலை செய்யுற மாதிரி எழுது."

நான் எழுதியிருந்த கதை இரண்டாவது வீடு. முதல் வரியிலேயே அவளைச் சத்தமில்லாமல் ஒரு கூடத்தில் தள்ளிவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறேன். கால்தடங்களை மட்டும் பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் கண்டுபிடித்தாள்.

எழுதி வைத்திருந்த கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

7

தாளில் ஒரு வரிக்குப் பிறகுதான் அடுத்த வரி வர முடியும். நடப்பவை அப்படி வருவதில்லை. அதனால் கீழே உள்ளவற்றில் எது முன், எது பின் என்ற என் வரிசையை நம்ப வேண்டாம். எல்லாம் பதினொன்று ஐம்பத்திரண்டு.

மருத்துவமனையின் மின் அறையில் எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். வெட்டும் குறடு இடுப்பில் தொங்குகிறது.

இரண்டாம் வார்டிலிருந்து ஒரு கட்டில் வெளியே வருகிறது. சக்கரம் ஒன்று கீச்சிடுகிறது. படுத்திருப்பவரின் விரல்களுக்கு அருகில், வெள்ளைக் கயிற்றில், மணி.

அக்கா நடக்கிறாள். இடப்பக்கம் தண்ணீர் கேன், அதன் மேல் கவிழ்த்த டம்ளர். வலப்பக்கம் பாதி திறந்த கதவு. இரண்டுக்கும் சரியான நடுவில் நிற்கிறாள். கையில் தாள் இல்லை, எதுவுமில்லை.

உள்ளே இருப்பவருக்கு நிழல் தெரிந்துவிட்டது. தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டிருக்கிறார். மறுமுனையில் மருத்துவமனை. அவர் ஒரு சொல் சொன்னால் குறடு மூடும், இன்னொரு சொல் சொன்னால் எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்குவார். தலையைத் தூக்காமலே அவளிடம் கேட்கிறார்.

"ஆச்சா?"

"ஆச்சு சார்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகலாம். "ஆகல சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தலாம். இரண்டையும் நான்கு நாளாக, அடி அடியாக, வீட்டை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துவிட்டேன். இரண்டும் வேலை செய்கின்றன. நான் கையை எடுத்துக்கொள்கிறேன்.

அவள் வாயைத் திறக்கிறாள். கட்டில் லிஃப்டுக்குள் நுழைகிறது.