பழுப்பாக மாறிய துண்டு

அண்ணனின் தொண்டையில் வைரஸ் இருக்க வேண்டும் என்று வீடே வேண்டிக்கொண்டிருந்தது. இந்த வகைப் புற்றுநோயில் வைரஸின் அடையாளம் தெரிந்தால் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும், பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால்? அந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தங்கைக்கு அதே மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சதையை வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, சிறு கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்ற வேண்டும். வைரஸின் அடையாளம் இருந்தால் பழுப்பு. இல்லையென்றால் வெளிர் நீலம். “உன் அண்ணனோடதை வேற யாராவது செய்யட்டும்மா” என்றாள் கூடத்தின் டாக்டரம்மா. இவள் கேட்கவில்லை.

மாலையில் கடைசித் தொட்டியிலிருந்து கண்ணாடியை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். நகக்கண் அளவுக்குப் பழுப்பு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் பொறுமை இல்லை. வராந்தாவுக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் செய்தாள்.

“அண்ணி, இருக்கு. வைரஸ் இருக்கு.”

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் கரகரத்த குரலில் சொன்னான்: “இத்தனை வருஷம் வாடகை தராம குடியிருந்திருக்கான். போகட்டும், நல்ல பையன்.”

“எந்த வீட்டுலேர்ந்து குடிவந்தான்னுதான் தெரியலை” என்றாள் அண்ணி, பரிமாறிக்கொண்டே.

அண்ணன் தட்டைப் பார்த்தான். அது பெரும்பாலும் படுக்கையில்தான் தொற்றும் என்பதையும் டாக்டர் சொல்லியிருந்தார்.

சமையலறையில் அண்ணி தங்கையின் தோளில் கை வைத்தாள். “வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. இனிமே கேட்க மாட்டேன். ஆள் பொழைச்சா போதும்டி.” பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்துப் பாடினாள்.

மறுநாள் காலை டாக்டரம்மா கூப்பிட்டு, தன் நாற்காலியிலேயே தங்கையை உட்கார வைத்தாள். நுண்ணோக்கியின் அடியில் அதே கண்ணாடி. ஒரு ஓரத்தில் பழுப்புத் துண்டு. அது அண்ணனுடையது இல்லை. சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வைரஸ் இருப்பது உறுதியான வேறு யாருடைய சதையையோ ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒட்டுவார்கள். கண்ட்ரோல் என்று அதற்குப் பெயர். தினமும் ஒட்டுபவளே இவள்தான். மறு ஓரத்தில் அண்ணன். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாத அளவுக்கு வெளிறிய நீலம்.

“இன்னொரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா டாக்டர்?”

“போடும்மா.”

போட்டாள். கண்ட்ரோல் முன்னைவிட அழகான பழுப்பில் வந்தது. அதுவாவது வராமல் போயிருந்தால் சாயத்தின் மேல் பழி போட்டிருக்கலாம். அண்ணனின் துண்டு நீலமாகவே இருந்தது. மூன்றாவது தடவை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் நடக்கப் போயிருந்தான். எந்தத் துண்டைப் பார்த்து ஏமாந்தாள் என்று அண்ணிக்குச் சொன்னாள். அண்ணி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். துணி மடித்த கை அப்படியே மடியில் கிடந்தது. கண் மட்டும் நிறைந்து வழிந்தது.

அண்ணன் உள்ளே வந்து இருவரையும் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ புரிந்தவன்போலக் கட்டிலில் உட்கார்ந்தான்.

“கேட்டுடேன். ஏன் மனசுல வச்சுக்கிட்டு அழுவுற? நானே சொல்லிடறேன். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. கொஞ்ச நாள்தான். அவகிட்டேர்ந்துதான் வந்திருக்கும்.”

அண்ணி எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“வரலைங்க” என்றாள். “அவளாவது உங்களுக்கு அதைக் கொடுத்திருக்கக் கூடாதா?”

அவன் ஒன்றும் புரியாமல் தங்கையைப் பார்த்தான்.