நண்பரின் பெயர்

லிப்ட் மெக்கானிக்கை ஜெராக்ஸ் கடையிலிருந்து போலீஸ் கொண்டுபோன அன்று, அவருடைய குரல் மட்டும் கடையிலேயே நின்றுவிட்டது. விசாரணையில்லாத காவல், ஒரு வருடம்வரை வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் தேதி நாலு மணிக்கு ஆலை வாசலில் கூட்டத்தைத் தூண்டினார், இனியும் தூண்டக்கூடும் என்றது உத்தரவு. சிறையில் அவர் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கடையில் குரல் காலை ஒன்பதிலிருந்து மெஷினருகே நின்று பேசிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் இரண்டாம் நாளே பழகிக்கொண்டார்கள்.

மறுப்பு மனுவைப் பிரதியெடுக்கப் போனபோதுதான் மனைவி அதைக் கேட்டாள். "டோனரைக் குலுக்கச் சொன்னா தாலாட்டுறீங்களே" என்றது குரல். கடைக்காரி சிரித்தாள். பன்னிரண்டு வருடமாக வீட்டில் சாவி, சாப்பாடு, சரி என்ற மூன்று சொற்களைத் தாண்டாத குரல் அது. அதற்குக் கிண்டல் செய்யத் தெரியும் என்பதே மனைவிக்குப் புதிது.

"வீட்டுக்கு வாங்க" என்றாள், மெஷினைப் பார்த்து.

"சரி" என்றது. வரவில்லை.

"நான் பிடிச்சு வைக்கலக்கா. ஒன்பதாம் தேதி நாலு மணிக்குக்கூட அண்ணன் இங்கதான் இருந்தாரு" என்றாள் கடைக்காரி.

"அண்ணனாம்!" என்றாள் மனைவி.

மறுஆய்வுக் குழுவின் படிவம் வந்தது. மூன்று பேர் அவரை நேரில் கேட்பார்கள், வக்கீல் கூடாது, நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்காரலாம். நண்பரின் பெயர் என்ற இடத்தில் மனைவி தன் பெயரை எழுதினாள். குரல் கடைக்காரியோடுதான் வரும் என்று தெரிந்தே எழுதினாள். நாலு மணிக்கு எங்கே இருந்தேன் என்று அவர் மூன்று பேர் முன்னால் சொல்வதைவிட உள்ளேயே கிடக்கட்டும் என்று ஒரு பகல் முழுக்க நினைத்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: இனி ஏதாவது செய்யக்கூடும் என்ற சந்தேகத்தில், அந்த உத்தரவைப் போலவே, அவளும் அவரைப் பன்னிரண்டு வருடம் உள்ளே வைத்திருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்காமல். பெயரை அடித்துவிட்டுப் படிவத்தைக் கடைக்குக் கொண்டுபோனாள். "உன் பேரை நீயே எழுது. எனக்குக் கை வரல."

குழு கூடிய அன்று அவள் வெளியே பெஞ்சில் இருந்தாள். கடைக்காரி பக்கத்தில் உட்கார்ந்ததும் குரல் அவர் வாய்க்குள் போனது. கதவு வழியாக எல்லாம் கேட்டது. "நாலு மணிக்கு ஜெராக்ஸ் கடைல இருந்தேங்க. மெஷின்ல பேப்பர் சிக்கிடுச்சு. தினமும் சிக்கும். சிக்கலன்னா நானே சிக்க வைப்பேன்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கடைக்காரி ஒன்பதாம் தேதி, நாலு மணி என்று அச்சான பிரதிகளைக் காட்டினாள். அதற்குப் பதினோராம் நாள் அவரை விட்டுவிட்டார்கள்.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். குரல் மறுபடி கடைக்குப் போய்விட்டது. ஏழு மணிக்குக் கடை சாத்தியதும்தான் வீட்டுக்கு நடந்து வருகிறது. அவள் பகலெல்லாம் கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது படியேறி வரும்வரை வாயைத் திறப்பதில்லை. வந்ததும் கேட்கிறாள்: "இன்னிக்கு எத்தனை தடவை சிக்குச்சு?"